9 ஏக்கர் சீமைக்கருவேலங்காட்டை மின் நிலைய விறகுக்குக் குத்தகை விடலாமா?

கண்மாய்க்கரை – கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு 9 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் பாதியில் குதிரைவாலி, பாதியில் குண்டு மிளகாய். அப்பா கடைசியாக உழுதது 1999ல். அப்புறம் அவர் பிழைப்புக்குத் திருப்பூர் வந்துவிட்டார். நானும் இங்கே ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நிலத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு விறகு வியாபாரி வீடு தேடி வந்தார். அந்தப் பக்கத்தில் விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றுக்கு லோடு அனுப்புகிறவர். "பத்து வருசத்துக்கு எழுதிக் குடுங்க. இப்ப ஒரு வெட்டு, நாலு வருசம் கழிச்சு ஒண்ணு, எட்டாம் வருசம் ஒண்ணு. நீங்க செலவு பண்ண வேண்டியது ஒண்ணுமில்ல" என்றார். ஒரு வெட்டுக்கு ஏக்கருக்கு 12 டன் தேறும் என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை: தூரைப் பிடுங்கக் கூடாது. தூர் இருந்தால்தான் மறுபடி தழைக்கும்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். "இது நிலக்கரி மாதிரி இல்ல தம்பி. மரம் காத்துல இருந்து எடுத்ததக் காத்துக்கே குடுக்குது. உலகத்துக்கே நல்லது." அந்த வார்த்தை என்னை விடவில்லை. எங்கள் பட்டறை பாய்லருக்கும் விறகுதான். தினமும் காலையில் லாரி வந்து நிற்கும்போது இந்த விறகெல்லாம் எந்த ஊர் நிலம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது என் நிலமே அந்த லாரியில் ஏறப் போகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அரிவாளோடு உள்ளே போனேன். நின்று நடக்க முடியாது. குனிந்து, சில இடத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும். செருப்பைத் துளைத்து ஒரு முள் குதிகாலில் ஏறி அங்கேயே முறிந்துவிட்டது. மரத்தடியில் ஒரு புல் கிடையாது, காய்ந்த நெற்றும் ஆட்டுப்புழுக்கையும்தான். தாத்தா வெட்டிய கிணறு நடுவில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால், கல் கட்டுமானத்தின் இடுக்கு வழியாக வேர்கள் பிதுங்கிவந்து தலைமுடி மாதிரி கீழே தொங்குகின்றன. அடியில் தண்ணீர் இல்லை. கிணற்று மேட்டில் அப்பா வைத்த நாலு பனை மட்டும் கூட்டத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது என் குழப்பம் இதுதான். இந்த விறகை எரிப்பது நிலக்கரி எரிப்பதைவிட உண்மையிலேயே மேலா? பத்து வருஷம் இப்படி வெட்டி வெட்டி விட்டால் மண்ணும் கிணறும் என்ன கதி ஆகும்? பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை. ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீராவி

தம்பி, நான் பாய்லர் இயக்கும் சான்றிதழ் வைத்திருப்பவன். இந்த மாதிரி நிலையம் ஒன்றில் 11 வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

10 மெகாவாட் நிலையம் என்று வைத்துக்கொள். முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஒண்ணேகால் கிலோ விறகு போகும். ஆக நாளொன்றுக்கு 300 டன், பத்து டன் லாரியில் 30 லோடு. உன் 9 ஏக்கரில் ஒரு வெட்டுக்கு 108 டன் வருமல்லவா? நாலு வருஷம் வளர்ந்த காடு எங்களுக்கு எட்டரை மணி நேரம், ஒரு ஷிப்டுக்குக் கொஞ்சம் மேல். வாசலில் எடைமேடையில் நின்று லாரி எண்ணுகிறவனுக்குத்தான் அந்த வேகம் தெரியும்.

பச்சை விறகில் பத்துக்கு நாலு பங்கு தண்ணீர். அடுப்புக்குள் போனதும் முதலில் அந்தத் தண்ணீர்தான் ஆவியாகிப் புகைபோக்கி வழியாகப் போகிறது, அதற்கே ஏகப்பட்ட சூடு செலவு. அதனால் வெட்டி ஒரு மாதமாவது காயப்போட்டு வாங்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தோடுதான் வரும், வேறு வழி கிடையாது. ஈர விறகு போடும் நாளில் புகை நிறம் மாறும். தூசியைப் பிடிக்கும் மின் வடிகட்டி நன்றாக ஓடினால் வெளியே பெரிதாகத் தெரியாது. அதைப் பராமரிக்காமல் விட்டால் நிலையத்தைச் சுற்றியுள்ள வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றலில் சாம்பல் படியும். நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா தட்டோடு கேட்டுக்கு வந்து நின்றார்கள். நான் ஷிப்டில் இருந்த நாள். பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயம், ஜேசிபி வைத்துப் பிடுங்கி வரும் தூரில் மண் ஒட்டியிருக்கும். அந்த மண் சூட்டில் உருகிக் கண்ணாடிக்கட்டி மாதிரி அடுப்பில் படிந்துவிடும். நாங்கள் கிளிங்கர் என்போம். நிலையத்தை நிறுத்தி, ஆள் இறங்கிக் கடப்பாரையால் இடித்து எடுக்க வேண்டும். அதனால்தான் உன் வியாபாரி தூர் வேண்டாம் என்கிறார் என்பது பாதி உண்மை. மறுபாதியை நீயே சொல்லிவிட்டாய், நாலு வருஷம் கழித்து அவருக்கு மறுபடி விறகு வேண்டும்.

லாரி டீசல்தான் பெரிய மாசு என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 50 கிலோமீட்டர் போய் வர 25 லிட்டர் டீசல் என்றால் அதில் 67 கிலோ கரியமில வாயு. லாரியில் இருக்கும் 10 டன் பச்சை விறகு எரியும்போது வெளியேறுவது சுமார் 11 டன். டீசல் அதில் ஒரு சதவீதம் கூட வராது. ஆகவே அந்த 11 டன்னை மறுபடி யார், எத்தனை வருஷத்தில் உறிஞ்சி எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வியே. அதைப் படித்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

களர்மண்

நீராவி அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்.

புகைபோக்கி வாயில் நின்று அளந்தால் விறகு நிலக்கரியைவிட மேல் இல்லை. ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி தரும் பொதுக் கணக்குப்படி ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு சுமார் 112 கிலோ கரியமில வாயு விடுகிறது, நிலக்கரி சுமார் 95. வியாபாரி சொன்ன "காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது" என்பது, வெட்டிய இடத்தில் அதே அளவு மரம் மறுபடி வளர்ந்து முடிந்த பிறகுதான் உண்மையாகும். அதுவரைக்கும் கடன். சீமைக்கருவேலம் நாலு வருஷத்தில் தழைத்துவிடுவதால் இந்தக் கடன் சீக்கிரம் அடைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது.

இதே பேச்சை இங்கிலாந்திலும் பேசுகிறார்கள். யார்க்‌ஷயரில் இருக்கும் ட்ராக்ஸ் மின் நிலையம் நிலக்கரியை விட்டு மரத்துகள் உருண்டைகளுக்கு மாறியது. அந்த மரம் பெரும்பாலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கப்பலில் வருகிறது. ஐநா கணக்கு விதிப்படி மரம் எரித்த புகை எரிக்கும் நாட்டின் மின்சாரக் கணக்கில் சேராது, வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில்தான் சேரும். அதனால் லண்டனில் பார்த்தால் பூஜ்யம். அந்தக் காடு பழையபடி நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நாலு வருஷக் கருவேலத்தையும் அந்தக் காட்டையும் ஒரே வார்த்தையில் 'பசுமை' என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விறகைத் திரவ எரிபொருளாக்கினாலும் இதே கேள்விதான். அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கேயும் மூங்கில் எந்த நிலத்திலிருந்து வருகிறது, முன்னால் அங்கே என்ன இருந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் மண்ணுக்கு வருவோம். சீமைக்கருவேலம் வேர் முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் மரம். 25 வருஷ இலையுதிர்வு உங்கள் நிலத்தில் கிடக்கிறது, அது சொத்து. சத்தில் பெரும்பகுதி இலையிலும் மிலார் என்கிற சிறு கிளையிலும் இருக்கிறது, கட்டையில் குறைவு. கட்டையை மட்டும் ஏற்றிவிட்டு இலை, மிலாரை நிலத்திலேயே பரப்பினால் மண் பெரிதாக இழக்காது. முழு மரத்தையும் அப்படியே அரைத்துக் கொண்டுபோனால் சாம்பல் சத்து, மணிச்சத்து எல்லாம் லாரியில் போகும். தழைச்சத்து புகையாகவே போய்விடும், சாம்பலில் கூடத் திரும்பி வராது. பத்து வருஷத்தில் மூன்று தடவை இப்படி எடுத்தால் உவர் நிலம் தாங்காது.

தண்ணீர் பற்றி. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை விட்டுவிடுங்கள். உறிஞ்சுவது வேர். அமெரிக்காவில் டூசான் அருகே ஒரு சுரங்கம் தோண்டும்போது இந்த இனத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. உங்கள் கிணற்றுச் சுவரில் தொங்குவதும் அந்தப் பசிதான். மறுதுளிர் இன்னும் மோசம். நீலகிரியில் கிளன்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் புல்வெளியில் யூகலிப்டஸ் வைத்து வருஷக்கணக்கில் ஓடைநீரை அளந்தது. முதல் பத்து வருஷத்தில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தூரிலிருந்து தழைத்த அடுத்த பத்து வருஷத்தில் குறைவு சுமார் 25 சதவீதம். பழைய வேர் அப்படியே இருக்க, மேலே இளம் துளிர் வேகமாக வளர்கிறது, குடிக்காமல் இருக்குமா? அது வேறு மரம், வேறு மலை. ஆனாலும் 800 மில்லிமீட்டர் சொச்சம் மழையை நம்பி இருக்கிற ஊரில் தூரை விட்டுவைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. உங்கள் ஏக்கர் வருஷத்துக்கு 3 டன் தருகிறது. அந்த 10 மெகாவாட் நிலையத்துக்கு வருஷம் ஒரு லட்சம் டன் என்று வைத்தால் 33,000 ஏக்கர் கருவேலம் நிரந்தரமாக நிற்க வேண்டும். கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்பது சுமார் 2,500 ஏக்கரில். சூரியன் ராத்திரி இல்லை, விறகு ராத்திரியும் எரியும் என்பது வாஸ்தவம். ஆனால் மின்சாரத்துக்காக நிலத்தை மரத்திடம் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய செலவு என்று இதிலிருந்து தெரியும்.

மூட்டக்காரி

தம்பி, நான் சாயல்குடிப் பக்கம். பதினெட்டு வருஷமாகக் கரிமூட்டம் போடுகிறோம். பெரியவர்கள் கணக்கெல்லாம் சரிதான், என் கண்ணால் பார்த்ததையும் கேட்டுக்கொள்.

2017ல் மதுரை ஹைகோர்ட்டு கருவை மரத்தை எடுக்கச் சொன்னபோது ஊரே இறங்கி வெட்டியது. வெட்டினார்கள், தூரை எடுக்கவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு ஒரு தூரில் எட்டு, பத்துக் கிளை குடையாக வந்தது. முன்னால் ஒற்றை மரமாக நின்ற இடத்தில் இப்போது ஆடுகூட நுழைய முடியாத புதர். உன் வியாபாரி எழுதச் சொல்வது அந்தப் புதரைத்தான். பத்து வருஷம் கழித்து நீ எடுக்க நினைத்தால் தூர் ஒவ்வொன்றும் உரல் மாதிரி இருக்கும்.

எங்கள் வேலையையும் மறைக்காமல் சொல்கிறேன். அஞ்சு கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி. மீதி எல்லாம் புகை. விறகை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, ஈர மண் பூசி, நெருப்பு வைத்தால் வாரக்கணக்கில் புகையும். எந்தப் பக்கம் வெடிப்பு விடுகிறது என்று ராத்திரியெல்லாம் பார்த்துப் பார்த்து மண் அப்ப வேண்டும். மாமியாருக்கு இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. மின் நிலையம் வந்தபோது, மூட்டத்துக்குப் போகிற விறகு அங்கே போகட்டும், இந்தப் புகையாவது குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். அது நடந்தது என்றே சொல்வேன். ஆனால் விறகுக்கு விலை வந்ததும் வேறொன்றும் நடந்தது. கருவையை அழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்களே, "கிடக்கட்டும், நாலு வருசத்துல காசு" என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் மூன்று பேர் மிளகாய்க் காட்டை உழாமல் போட்டுவிட்டார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை அது களையே இல்லை என்று ஆகிவிட்டது.

இன்னொன்று, அரைக்கிற மிஷினுக்கு நாட்டுக்கருவேலமும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்தில். அவை சரணாலயம், அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். தனியார் நிலத்தில், வரப்போரத்தில் நிற்கிற நாட்டுக்கருவேலத்தையும் உடைமரத்தையும் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கூலி டன் கணக்கில். வெட்டுகிறவனுக்கு எடை வேண்டும். எங்கள் ஓடைக்கரையில் நின்ற உடைமரம் ஏழும் ஒரே நாளில் போனது. உன் நிலத்தில் வெட்டு நடக்கும் நாளில் நீயே நின்று பார். முடியாவிட்டால் விட வேண்டிய மரத்துக்கெல்லாம் முன்கூட்டியே சுண்ணாம்பு அடித்து வை.

நெற்று காய்த்துக் கொட்டுவதற்கு முன்னால் வெட்டு. ஆடு தின்று புழுக்கை போட்ட இடத்திலெல்லாம் முளைக்கும்.

கண்மாய்க்கரை

அண்ணே, சார், அக்கா, மூன்று பேருக்கும் மனதார நன்றி. எட்டரை மணி நேரம் என்ற கணக்கைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நாலு வருசம் ஒரு ராத்திரிக்குத்தானா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரியிடம் போனில் பேசினேன். பத்து வருஷக் குத்தகை இல்லை, ஒரே ஒரு வெட்டு, கட்டை மட்டும் உங்களுக்கு, மிலாரும் இலையும் நிலத்தில் கிடக்க வேண்டும் என்றேன். முதலில் கட்டுப்படியாகாது என்றார். பிறகு டன்னுக்கு 200 ரூபாய் குறைத்துக் கேட்டார். ஒத்துக்கொண்டேன். அந்தப் பணத்தில் ஜேசிபி வைத்து 6 ஏக்கரில் தூரை ஓர் அடி ஆழத்தோடு எடுக்கப் போகிறோம். தூரை மண் உதிர உலர்த்தி, அக்கா மாதிரி யாராவது மூட்டத்துக்குக் கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எல்லாத்தையும் ஒரே வருஷத்தில் எடுக்கக் கையில் காசில்லை. மேற்குப் பக்கம் 3 ஏக்கர் அடுத்த வருஷம்தான். அதுவரை அங்கே நெற்று விழாமல் கிளை கழிக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் புதுமுளையைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார். மாதம் ஒரு தடவை நான் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தூர் எடுத்த குழிகளில் மண் தள்ளிய உடனே, வருகிற புரட்டாசியில் குதிரைவாலி விதைக்கலாமா, அல்லது ஒரு மழை விட்டுப் பார்க்க வேண்டுமா? அம்மா ஊரில் விதை சொல்லி வைத்துவிட்டார்கள். பனை நாலுக்கும் வரப்போரத்து இரண்டு உடைமரத்துக்கும் போன சனிக்கிழமையே சுண்ணாம்பு அடித்தாயிற்று.